ஒரு தட்டு, ஒரு கேள்வி

மார்லிஸ் ஃபாஸம் தன் வாழ்நாளில் வேலையை விட்டது ஒரே ஒரு முறைதான். அதுவும் ஒரு பான்கேக்குக்காக. ஹால்டன் ஊரில் இதைச் சொல்லிச் சிரிக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். சிரிக்கட்டும். அன்றைக்கு அவளுக்குப் பின்னால் தட்டோடு நின்றவர்களில் ஒருவருக்கும் சிரிப்பு வரவில்லை என்பதையும் சேர்த்துச் சொன்னால் நியாயமாக இருக்கும்.

ஹால்டன், வடக்கு டகோட்டாவில் முந்நூற்று நாற்பது பேர் இருக்கிற ஊர். கோதுமையும் சூரியகாந்தியும்தான் பிழைப்பு. மார்லிஸ் அங்கேயே பிறந்து, அங்கேயே படித்து, தானியக் கிடங்கில் வேலை பார்த்த ஆரினைக் கட்டிக்கொண்டு, மாவட்ட நீதிமன்றத்தில் தட்டச்சு வேலைக்குப் போனாள். இருபத்திரண்டு வயதில் அவளுக்கு ஒரு புது மேலதிகாரி வந்து சேர்ந்தார். அரசு வழக்கறிஞர் லைல் ஹெக்லண்ட். நன்றாகப் பேசுவார். சட்டைப் பொத்தானை மட்டும் ஒன்று மாற்றிப் போட்டுக்கொண்டு வருவார். எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்பது அவருக்குக் கடைசி வரை பிடிபடவில்லை.

"லைல், ரெண்டு மணிக்கு மாடு திருட்டு கேஸ். மூணு மணிக்குப் பல் டாக்டர். போன வாரம் மாதிரி மாத்திப் போயிடாதீங்க."

"போன வாரம் நீதிபதி என் பல்லப் பார்த்து ஒண்ணும் சொல்லலையே."

"அவரு நல்ல மனுஷன், சொல்லல."

இப்படித்தான் ஆரம்பித்தது. லைல் மாநிலச் சட்டமன்றத்துக்குப் போனார், மார்லிஸும் போனாள். மாநிலத்தின் தலைமை வழக்கறிஞரானார், அப்போதும் அவருடைய நாட்குறிப்பு அவள் கையில்தான் இருந்தது. பிறகு செனட்டுக்கு நின்று வென்று வாஷிங்டனுக்குப் புறப்பட்டபோது அவளையும் கூப்பிட்டார். அவள் வரமாட்டேன் என்றாள். மைனாட் நகரத்தில் அவருடைய உள்ளூர் அலுவலகத்தைப் பார்த்துக்கொண்டாள். ஓய்வூதியம் நின்று போனவர்கள், பயிர்க் காப்பீடு வராதவர்கள், கடவுச்சீட்டைத் தொலைத்தவர்கள் என்று வருகிற அத்தனை பேரும் அவள் மேஜைக்குத்தான் வருவார்கள். இருபது வருஷம் அந்த மேஜையில் இருந்தாள். அவரை 'லைல்' என்று கூப்பிடுவதை, பதவியேற்ற நாளோடு அவளாகவே நிறுத்திக்கொண்டாள். செனட்டர் என்றால் செனட்டர்தான், அதில் அவளுக்கு வீம்பு உண்டு.

லைல் ஹெக்லண்ட் கெட்ட மனிதர் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் கதை கோணலாகிவிடும். சூரியகாந்தி விதைக்குச் சந்தை தேடி ஒரு குழு வெளிநாடு போனபோது அவரும் போனார். விருந்தில் ஒரு முன்னாள் தூதருக்குப் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். தூதருடைய பேச்சு இவருக்குப் பிடித்துப்போயிற்று. இவர் குறுக்கே பேசாமல் கேட்டது தூதருக்குப் பிடித்துப்போயிற்று. அதிலிருந்து ஒவ்வொரு கதவாகத் திறந்தது. ஒரு ஆய்வு மையத்தில் பேச அழைத்தார்கள். வேறு யாரோ எழுதிய கட்டுரை இவர் பெயரில் வந்தது. வெளியுறவுக் குழுவில் இடம் கிடைத்தது. ஐந்து வருஷத்துக்கு முன்னால் 'ஹார்பர் வட்டம்' என்கிற கூட்டத்துக்கு அழைப்பு வந்தது. ஓய்வுபெற்ற தளபதிகள், வங்கி முதலாளிகள், பல நாட்டு அமைச்சர்கள் எல்லோரும் வருஷத்துக்கு ஒருமுறை ஒரு மலை விடுதியில் கதவைச் சாத்திக்கொண்டு பேசுகிற இடம் அது. உள்ளே பேசினதை வெளியே சொல்லக் கூடாது.

அந்த வட்டத்துக்குள் போன பிறகு அவர் பேச்சு மாறியது. முன்பெல்லாம் தெரியாததைத் தெரியாது என்பார். இப்போது, "அது பல அடுக்குள்ள விஷயம்" என்றார். சட்டைப் பொத்தான்கள் சரியாக இருந்தன. போகிற இடத்துக்கெல்லாம் சட்டைப்பையில் ஒரு சின்ன அட்டை. யாரிடம் என்ன பேச வேண்டும் என்று அதில் மூன்று வரி அச்சடித்திருக்கும். அட்டையில் இருப்பதைப் பேசுவார். இல்லாததைப் பேச மாட்டார். அந்த அட்டையை எழுதுகிறவள் ஃபிலிப்பா என்கிற வெளியுறவு ஆலோசகர். முப்பது வயது, ஐந்து மொழி தெரியும், வாஷிங்டனில் அவளைத் தெரியாதவர்கள் கிடையாது.

ஜனவரி மாதம், பனி உறைந்த பூட்ஸோடு ஒரு பெண் மார்லிஸின் மேஜைக்கு வந்தாள். பெயர் கார்லா கிரெப்ஸ். பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். அவள் கணவன் டுவெய்ன், தானியக் குதிர் கட்டுகிற தொழில்காரன். ஹால்டனைச் சுற்றி நிற்கிற குதிர்களில் பாதி அவன் கை வேலை. முந்தின வருஷம் வெளிநாட்டு ஒப்பந்தம் ஒன்று கிடைத்துப் போனான். அந்த நாட்டின் பெயரைச் சொல்லி இப்போது ஆகப்போவது ஒன்றுமில்லை. வேலை முடிந்து திரும்பும்போது, பெட்டியில் இருந்த ஜிபிஎஸ் கருவியைப் பார்த்து விமான நிலையத்திலேயே பிடித்துக்கொண்டார்கள். டிராக்டரில் மாட்டுகிற கருவிதான். குதிருக்கு அடித்தளம் அளக்க எடுத்துப் போயிருந்தான். வேவு பார்த்தான் என்று வழக்கு.

"அவரு குதிர் கட்டப் போனவரு," என்றாள் கார்லா. "வேவு பார்க்கவா? எங்க வீட்டு ஃப்ரிட்ஜுல வெண்ணெய் எங்க இருக்குன்னே அவரால கண்டுபிடிக்க முடியாது."

சொல்லிவிட்டுச் சிரித்தாள், சிரிப்பு பாதியில் அழுகையாகிவிட்டது. மார்லிஸ் காகிதக் கைக்குட்டையை நகர்த்தி வைத்தாள்.

"இந்தத் தாள்ல கையெழுத்து வேணும். அவரோட விஷயத்த நாங்க விசாரிக்கலாம்னு அவரே சம்மதம் தரணும். உங்க கையெழுத்து போதாது."

"அவரு ஜெயில்ல இருக்காரு, மார்லிஸ்."

"தெரியும். ஜெயிலுக்கு அனுப்பி வாங்குவோம்."

வாங்கினாள். தூதரக அதிகாரி வழியாகப் போய்த் திரும்ப ஏழு வாரம் ஆயிற்று. கோணல்மாணலாக ஒரு கையெழுத்து வந்தது. கார்லா வந்த அன்றே செனட்டர் பெயருக்கு ஒரு குறிப்பு வாஷிங்டனுக்குப் போயிருந்தது, இதை வைத்துக்கொண்டு முறைப்படி இரண்டாவதை அனுப்பினாள். மூன்றாவது எழுதினாள். 'கவனத்தில் கொள்ளப்பட்டுள்ளது' என்று பதில் வந்தது. இப்படிப்பட்ட பதிலை மார்லிஸே மற்றவர்களுக்கு எழுதியிருக்கிறாள். அதற்கு என்ன அர்த்தம் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஜூன் மாதம் டுவெய்னிடமிருந்து கடிதம் வந்தது. கடைவாய்ப் பல் இரண்டு போய்விட்டதாம். பெல்ட்டில் புதிதாக மூன்று ஓட்டை போட்டிருக்கிறானாம். அக்டோபர் ஒன்பதாம் தேதி தீர்ப்பு. அங்கே இருக்கிற வக்கீல் கார்லாவிடம் ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட்டார். தீர்ப்பு வந்தால் பன்னிரண்டு வருஷத்துக்குக் குறையாது, அதற்குப் பிறகு பேரம் எல்லாம் நாட்டுத் தலைவர்கள் மட்டத்தில்தான். அதற்கு முன்னால் என்றால், மேலிடத்தில் யாராவது ஒருவர் மனசு வைத்தால் போதும்.

அந்த மேலிடத்து ஆள் யார் என்று மார்லிஸுக்குத் தெரியும். அந்நாட்டுத் துணை அமைச்சர். செனட்டரின் பயணச் சீட்டுகளைப் போடுகிறவள் அவள்தானே? பிப்ரவரியில் ஒரு மாநாட்டில் இருவரும் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. மே மாதம் வாஷிங்டனில் ஒரே விருந்து. செப்டம்பர் பன்னிரண்டாம் தேதி ஹார்பர் வட்டத்தில் இரண்டு பேரும் ஒரே மேஜை. தீர்ப்புக்கு முன்னால் இனி அந்த ஒரு நாள்தான் இருக்கிறது. அட்டையில் ஒரு வரி ஏறினால் போதும்.

ஃபிலிப்பாவுக்கு ஃபோன் செய்தாள்.

"உங்க அக்கறை எனக்குப் புரியுது, மார்லிஸ். ஆனா அந்த மேஜையில தனி ஆள் விவகாரத்த எடுக்கிற வழக்கமில்ல. அங்க எல்லாமே ஒருத்தர் மேல ஒருத்தர் வச்சிருக்கிற நம்பிக்கைலதான் நடக்குது."

"யாருக்கு யார் மேல?"

"அது... செனட்டரை ஹார்பர் வட்டத்தோட தலைமைக் குழுவுல சேர்க்கப் பேச்சு நடந்துட்டிருக்கு. அடுத்த வருஷம் ஆயிடும். இந்த நேரத்துல போய்..."

"அடுத்த வருஷம் டுவெய்ன் எங்க இருப்பாரு?"

வேறு வழியில் முயற்சி செய்வதாகச் சொன்னாள் ஃபிலிப்பா. பொய் சொல்லவில்லை, செய்துமிருப்பாள். அந்த வேறு வழி சுற்றிச் சுற்றித் துறை துறையாகப் போய், ஜூலை கடைசியில் 'கவனத்தில் கொள்ளப்பட்டுள்ளது' என்று மார்லிஸின் மேஜைக்கே திரும்பி வந்து சேர்ந்தது.

நேராக செனட்டரையே ஃபோனில் பிடித்தாள். விமான நிலையத்துக்குப் போகிற காரில் இருந்தார். கிரெப்ஸ் விஷயம் என்று ஆரம்பித்தவுடன், "ஃபிலிப்பா பார்த்துக்கிட்டிருக்கா, மார்லிஸ். நல்ல பொண்ணு. ஆரின் முதுகு எப்படி இருக்கு?" என்றார். அவள் பதில் சொல்வதற்குள் கார் சுரங்கப் பாதைக்குள் போய்விட்டது. ஆரினின் முதுகுக்கு இருந்த மரியாதை டுவெய்னுக்கு இல்லை என்று நினைத்து அவள் ஃபோனை வைத்தாள். கோபத்தில் காது சிவந்திருந்தது.

அன்று சாப்பாட்டு மேஜையில் ஆரின் ஒரு யோசனை சொன்னான்.

"அவர வீட்டுக்குக் கூப்பிட்டு, உன் உருளைக்கிழங்கு ஹாட்டிஷ், அடுப்புல வேகவச்சு எடுப்பியே, அதப் போட்டுக் கேளேன்."

"கூப்பிட்டா வருவாரு. ரெண்டு தடவ போட்டுச் சாப்பிடுவாரு. 'பார்க்கலாம்'னு சொல்லிட்டுப் போயிடுவாரு. எனக்குப் 'பார்க்கலாம்' வேணாம்."

"பின்ன என்ன வேணும்?"

"ஆமா, இல்ல, தெரியாது. மூணுல ஒண்ணு."

ஆரின் முட்கரண்டியைக் கீழே வைத்தான். அவள் எதைச் சொல்கிறாள் என்று அவனுக்குப் புரிந்துவிட்டது.

ஹால்டனில் ஆகஸ்ட் மாதம் கதிரடிப்பு விழா. சனிக்கிழமை காலை தீயணைப்புப் படைக் கூடத்தில் ஊருக்கே பான்கேக். லைல் முதன்முதலாக செனட்டுக்கு நின்றபோது அங்கே வந்து பெரிய இரும்புக் கல்லில் மாவு ஊற்றிச் சுட்டுக் கொடுத்தார். யாராவது கேள்வி கேட்டால் பெரிய பிரசங்கம் செய்தார், பான்கேக் கருகியது. செல்மர் என்கிற விவசாயி தட்டைப் பின்னால் இழுத்துக்கொண்டு, "லைல், பேச்சு வேணாம். ஆமாவா, இல்லையா, தெரியாதா? சொல்லிட்டுப் பான்கேக்கப் போடு" என்றார். பத்திரிகையில் வந்தது. ஊருக்கு ஊர் பேசினார்கள். அதுவே வழக்கமாகிவிட்டது. ஒரு தட்டுக்கு ஒரு கேள்வி. பதில் மூன்று வார்த்தைகளில் ஒன்று. பதில் சொல்லாமல் தட்டில் எதுவும் விழாது. எந்த வருஷமும் அவர் வராமல் இருந்ததில்லை, எந்த வருஷமும் பதில் சொல்லாமல் நழுவியதுமில்லை. ஏனென்றால் அவருடைய முதல் வெற்றியே அந்தக் கல்லுக்கு முன்னால்தான் கிடைத்தது என்று அவர் நம்பினார்.

இதில் ஒரு சிக்கல். அடுத்த தேர்தலில் எதிர்க் கட்சிக்காரர்கள், செனட்டரின் அலுவலக ஆட்களே வரிசையில் நின்று இனிக்க இனிக்கக் கேள்வி கேட்கிறார்கள் என்று குற்றம் சொன்னார்கள். அதில் கொஞ்சம் உண்மையும் இருந்தது. மார்லிஸுக்கு மானம் போய்விட்டது. உட்கார்ந்து ஒரு விதி எழுதிக் கூடத்துக் கதவில் ஒட்டினாள். செனட்டரின் சம்பளப் பட்டியலில் பெயர் உள்ள யாரும் வரிசையில் நிற்கக் கூடாது. அதிலிருந்து பதினான்கு வருஷமாக அவள் ஓரமாக நின்று காப்பி ஊற்றினாள்.

"அந்த விதிய எழுதினவளே நீதான்," என்றான் ஆரின். "ஒரு நாள் மறந்துட்டா குடியா முழுகிப்போயிடும்?"

"எழுதினவளே மறந்தா அப்புறம் அது என்ன விதி?"

"லீவு போடு."

"லீவு போட்டாலும் பேரு பட்டியல்லதான இருக்கும்."

"இன்னும் ஏழு மாசம் போனா உனக்கு முழு ஓய்வூதியம், மார்லிஸ்."

"டுவெய்னுக்கு ஏழு மாசம் இல்ல."

ஆரின் தட்டை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தான். முப்பத்து நான்கு வருஷம் இவளோடு குடித்தனம் செய்தவன். பிடித்தால் விடமாட்டாள் என்பது அவனைவிட யாருக்குத் தெரியும்?

"சரி. கடிதத்த இப்பவே எழுதிடு."

"எனக்கு மனசு மாறிடும்னு பயமா?"

"உனக்கு மாறாது. எனக்கு மாறிடும். அதுக்குள்ள எழுதிடு."

வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு, இத்துடன் வேலையிலிருந்து விலகுகிறேன் என்று இரண்டு வரி எழுதி வாஷிங்டனுக்கு அனுப்பிவிட்டு, அலுவலகச் சாவியை மேஜைமேல் வைத்துவிட்டு வந்தாள். அங்கே அப்போது மணி ஆறு. பார்க்க ஆள் இல்லை. விதிக்குக் கட்டுப்பட்டு நடக்கிறவர்கள் இப்படி முரட்டுத்தனமாகத்தான் நடப்பார்கள். நானாக இருந்தால் விதியை ஒரு நாள் கிழித்துப் போட்டிருப்பேன்.

சனிக்கிழமை காலை கூடம் நிரம்பி வழிந்தது. வெண்ணெய் வாசனையும் காப்பி வாசனையும் வெளி ரோடு வரை. செனட்டர் தீயணைப்புப் படை ஏப்ரனைக் கட்டிக்கொண்டு கல்லுக்கு முன்னால் நின்றார். காப்பிப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் ஃபிலிப்பா. இந்த ஊர்ப்பக்கம் முதல்முறையாக வந்திருந்தாள். வரிசை நகர்ந்தது. கோதுமைக்கு ஆதார விலை உயருமா? தெரியாது. ஆற்றுப் பாலத்துக்குப் பணம் வருமா? ஆமா. உங்க மச்சினனுக்கு மறுபடி ஓட்டு கேட்பீங்களா? இல்ல. கூடம் சிரித்தது.

மார்லிஸ் தட்டை நீட்டினாள்.

"காப்பி ஊத்துற இடம் அந்தப் பக்கம், மார்லிஸ்," என்றார் செனட்டர், உற்சாகமாக.

"இன்னைக்கு நான் ஊத்தல, செனட்டர். சாப்பிட வந்திருக்கேன்."

"உன் விதிப்படி நீ இங்க நிக்கக் கூடாதே."

"நேத்து சாயங்காலம் அஞ்சு மணியோட என் பேரு உங்க பட்டியல்ல இல்ல. இப்ப நான் வெறும் ஹால்டன்காரி."

அவர் கையிலிருந்த தட்டைக்கரண்டி நின்றுவிட்டது.

"என்ன சொல்ற?"

"என் கேள்வி இதுதான். செப்டம்பர் பன்னெண்டாம் தேதி ஹார்பர் வட்டத்துல துணை அமைச்சரு ஒருத்தர் உங்க மேஜையில உக்காருவாரு. அவரு முகத்தப் பார்த்து, உங்க வாயால, டுவெய்ன் கிரெப்ஸ வீட்டுக்கு அனுப்புங்கன்னு கேப்பீங்களா?"

செனட்டர் அவளையே பார்த்தார். நெற்றியைச் சுருக்கினார்.

"டுவெய்ன்... யாரு?"

எட்டு மாதத்தில் பதினொரு குறிப்பு. காரில் ஒரு ஃபோன். ஒன்றும் அவர் காதில் ஏறவில்லை. மறைக்கவில்லை, நடிக்கவில்லை, அவருக்கு நிஜமாகவே தெரியாது. அந்தக் கூடத்தில் நின்ற சின்னப் பிள்ளைக்குக் கூட டுவெய்னைத் தெரியும். கூட்டத்தில் யாரோ தட்டை மேஜைமேல் வைத்த சத்தம் கேட்டது.

"குதிர் கட்டுறவரு," என்றாள் மார்லிஸ். "டிசம்பர்லேர்ந்து அங்க ஜெயில்ல இருக்காரு. பதினொரு தடவ உங்களுக்கு எழுதியிருக்கேன்."

ஃபிலிப்பா வேகமாக வந்தாள். "செனட்டர், அந்தக் கூட்டத்துல யாரு வராங்கங்கிறதப் பொது இடத்துல..." அவர் கையை உயர்த்தி அவளை நிறுத்தினார். அவர் முகம் வெளுத்திருந்தது. மூன்று வார்த்தையில் எது பத்திரமானதோ அதைப் பிடித்துக்கொண்டார். "தெரியாது, மார்லிஸ்." சொல்லிவிட்டு, பான்கேக்கை எடுத்து அவள் தட்டில் வைத்தார்.

முடிந்தது. தெரியாது என்பதும் பதில்தான். ஒரு தட்டுக்கு ஒரு கேள்விதான். வேலையும் போய், கேள்வியும் போய், ஒரு பான்கேக்கோடு நின்றாள். கண்ணில் நீர் முட்டியது, ஆனால் வரிசையில் நிற்கிறவர்களுக்கு வழிவிட வேண்டுமே என்று நகர்ந்தாள்.

அடுத்தது செல்மர். எண்பத்து மூன்று வயது. ஒரு கையில் தடி, ஒரு கையில் தட்டு.

"மார்லிஸ் கேட்டதேதான்," என்றார்.

"செல்மர், நான் பதில் சொல்லிட்டேனே."

"அவ தட்டுக்குச் சொன்ன. என் தட்டுக்குச் சொல்லு. என் குதிர் ரெண்டும் டுவெய்ன் கட்டினது, ஒரு சொட்டு ஒழுகல."

"செல்மர், அது பல அடுக்குள்ள..."

"லைல். மூணு வார்த்தைதான்."

செனட்டர் உதட்டைக் கடித்தார். "தெரியாது," என்றார் மறுபடியும். செல்மர் பான்கேக்கை வாங்கிக்கொண்டு நகர்ந்தார். அவருக்குப் பின்னால் பள்ளி ஆசிரியை நின்றிருந்தாள். தட்டை நீட்டி, "எனக்கும் அதே கேள்வி," என்றாள், மெதுவாக. கொஞ்சம் வெட்கத்தோடுகூட. அவளுக்குப் பின்னால் நின்ற தபால்காரர் தட்டை முன்கூட்டியே நீட்டிக்கொண்டிருந்தார். வரிசை கதவு தாண்டி வெளியே போயிருந்தது. இந்த மனிதர்கள் சத்தம் போட மாட்டார்கள், கோஷம் போட மாட்டார்கள். ஆனால் கேட்டதையே கேட்டுக்கொண்டு மத்தியானம் வரை நிற்பார்கள். அது லைல் ஹெக்லண்டுக்கு நன்றாகத் தெரியும், அவரும் இந்த மண்ணில் பிறந்தவர்தானே.

கல்லில் இருந்தது கருகிப் புகைந்தது. அவர் அதை எடுத்து ஓரமாகப் போட்டார். ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டார். ஆசிரியையைப் பார்க்காமல், மார்லிஸ் உட்கார்ந்திருந்த மேஜையைப் பார்த்துச் சொன்னார்.

"ஆமா."

யாரும் கைதட்டவில்லை. ஆசிரியை நன்றி சொல்லிவிட்டுப் பாகு ஊற்றிக்கொள்ளப் போனாள். தபால்காரர் பாலத்தைப் பற்றிக் கேட்டார்.

மார்லிஸ் தன் பான்கேக்கை முழுக்கச் சாப்பிட்டாள். காப்பியை ஊற்றி இறக்கினாள். வீணாக்கக் கூடாது என்று வளர்ந்தவள்.

செப்டம்பர் பன்னிரண்டு வந்து போயிற்று. ஒரு செய்தியும் இல்லை. மார்லிஸ் வீட்டுத் திரைச்சீலைகளை எல்லாம் கழற்றித் துவைத்தாள். துவைத்ததையே மறுபடி துவைத்தாள். இன்னொரு தடவை அவற்றில் கைவைத்தால் தான் வீட்டை விட்டுப் போய்விடுவேன் என்றான் ஆரின். வேலையை விட்டதற்கு அவள் ஒரு வார்த்தை புலம்பவில்லை. ஆனால் ஃபோன் அடிக்கும்போதெல்லாம் பதறிப் போய் எடுத்தாள். செனட்டர் கேட்டாரா, மென்று முழுங்கிவிட்டாரா? அது ஒன்றுதான் அவள் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

அக்டோபர் நான்காம் தேதி கார்லா கூப்பிட்டாள்.

"மார்லிஸ், இப்பதான் பேசினாரு. விமானம் மாறுற இடத்துலேர்ந்து. விட்டுட்டாங்க." மூக்கை உறிஞ்சிக்கொண்டு மறுபடி சொன்னாள். "பல்லு இல்லாததால குரல் மாறிப்போச்சு. யாரோன்னு நினைச்சேன். ஆனா அவருதான். அவரேதான்."

மார்லிஸ் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "சரி, கார்லா," என்றாள். "சரி."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தேவாலயம் முடிந்து வந்தால், வீட்டு வாசலில் செனட்டரின் கார். தனியாக அவரே ஓட்டிக்கொண்டு வந்திருந்தார். ஆரின் அவருக்குக் காப்பி கொடுத்துவிட்டு, கொட்டகையில் ஏதோ வேலை இருக்கிறது என்று எழுந்து போனான். ஒரு வேலையும் கிடையாது.

"கேட்டேன்," என்றார் லைல். "இனிப்பு வைக்கும்போது. மேஜையே கப்சிப்னு ஆயிடுச்சு. கூட்டத்த நடத்துறவங்களுக்கு என் மேல ஏக வருத்தம். தலைமைக் குழுவெல்லாம் இனி இல்ல, அடுத்த வருஷம் அழைப்பே வராது."

"அமைச்சரு என்ன சொன்னாரு?"

"அவருக்கு ஒரு வருத்தமும் இல்ல. பேனா கேட்டு வாங்கிப் பேர எழுதிக்கிட்டாரு. 'உங்க தூதரகம் எங்க கீழ்மட்டத்துக்கு எழுதிக்கிட்டே இருந்தாங்க, ஆனா பெரிய ஆளு யாரும் எங்கிட்ட இவரப் பத்தி வாயத் திறக்கல. அதனால உங்களுக்கு வேண்டாத ஆளுன்னு நினைச்சுட்டோம்'னாரு." அவர் கோப்பையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "மொத்தம் நாலு நிமிஷம், மார்லிஸ். நாலு நிமிஷம்கூட இருக்காது."

மார்லிஸ் அழுதாள். வரிசையில் அடக்கியது, கார்லாவின் ஃபோனில் அடக்கியது எல்லாம் அப்போதுதான் வந்தது. சந்தோஷத்தில் வந்த அழுகை இல்லை அது. வயிற்றெரிச்சல்.

"பிப்ரவரியில அவரு பக்கத்துல உக்காந்திருந்தீங்க. அந்த டிக்கெட்ட நான்தான் போட்டேன். மே மாசம் அவரோட மீன் சாப்பிட்டீங்க. அந்த நாலு நிமிஷம் அப்பவும் இருந்துச்சு."

"ஆமா."

"ரெண்டு பல்லு, லைல். எட்டு மாசம்."

இருபது வருஷத்துக்குப் பிறகு அவள் அந்தப் பெயரைச் சொன்னதை இரண்டு பேருமே கவனிக்கவில்லை.

"ஆமா," என்றார் அவர். வேறு எதையும் சேர்க்கவில்லை. அடுக்கு கிடுக்கு என்று ஒன்றும் சொல்லவில்லை. காப்பியை ஒரு வாய் குடித்துவிட்டு, "திரும்பி வந்துடு. கடிதத்த நான் யார்கிட்டயும் கொடுக்கல," என்றார்.

மார்லிஸ் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். எழுந்து போய் மளிகைச் சாமான் பட்டியல் எழுதுகிற நோட்டையும் ஒரு பென்சிலையும் கொண்டு வந்து அவர் முன்னால் வைத்தாள்.

"நான் வரேனா வரலையாங்கிறது அப்புறம். முதல்ல எழுதிக்கோங்க."

"என்ன எழுத?"

"இன்னும் மூணு பேரு இருக்காங்க. வேற வேற நாட்டுல. ஒருத்தருக்கு இது மூணாவது வருஷம். அவங்களப் பத்தியும் உங்களுக்கு எழுதியிருக்கேன்."

லைல் ஹெக்லண்ட் கோப்பையைத் தள்ளி வைத்தார். பென்சிலை எடுத்தார். அவள் முதல் பெயரைச் சொன்னாள். எழுத்துக் கூட்டிச் சொன்னாள். மூன்றாவது எழுத்தில் அவர் தப்பு செய்தார். அவள் திருத்தினாள். அவர் அழித்துவிட்டுச் சரியாக எழுதினார்.